துருவேறிய மரை: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பழைய டிராக்டர்களில் இறுகிப்போன போல்ட்டுகளைக் கழற்றும் முறை

பழைய டிராக்டர் ஒன்றின் கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமானால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைத்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். புதிய தட்டைப் பொருத்துவது சிறிது நேரத்தில் முடிகிற வேலை. ஆனால் அந்தப் போல்ட்டுகளுள் ஒன்று துருவேறி அசையாமல் நின்றுவிட்டாலோ, ஸ்பேனரின் அழுத்தத்தில் தலை துண்டாகி உடற்பகுதி வார்ப்பிரும்புக்குள்ளேயே தங்கிவிட்டாலோ, ஒரு நாள் வேலை பல நாள் வேலையாக நீண்டுவிடும். நாற்று முற்றிக்கொண்டிருக்க, நடவாட்களுக்குச் சொல்லி வைத்திருக்க, தண்ணீர் கட்டிய வயல் சேற்றுழவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் இந்தத் தாமதம் உழவருக்கு என்ன இழப்பைத் தரும் என்பதை விழுப்புரம் மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டறைகளில் ‘ஜாம்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த இறுக்கத்துக்குக் காரணங்கள் பல. காரணத்தைக் கண்டுகொண்டு அதற்குரிய வழியில் அணுகினால் பெரும்பாலான மரைகள் உடையாமல் கழன்று வரும். காரணம் அறியாமல் வலிமையை மட்டும் கூட்டினால் கழன்றிருக்கக்கூடிய மரையும் உடையும் என்பதே இவ்வுரையின் கருத்து.

முதலில், போல்ட் எவ்வாறு பிடிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இறுக்கப்பட்ட போல்ட் என்பது உண்மையில் இழுத்து நிறுத்தப்பட்ட ஒரு வில். நட்டைத் திருகத் திருகப் போல்ட்டின் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசையே இரு உறுப்புகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் விட்டமும் 8.8 என்னும் தர முத்திரையும் கொண்ட சாதாரண போல்ட் ஒன்று முறையாக இறுக்கப்பட்டால் ஏறத்தாழ நான்கு டன் விசையுடன் உறுப்புகளைப் பிடித்திருக்கும். ஸ்பேனரில் செலுத்தப்படும் முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இந்தப் பிடிப்பாக மாறுகிறது. ஏறத்தாழ பாதி, போல்ட் தலைக்கோ நட்டுக்கோ அடியிலுள்ள உராய்வுக்கும், எஞ்சியது மரைகளுக்கிடையிலான உராய்வுக்கும் போய்விடுகிறது. துரு இல்லாத நிலையிலேயே உராய்வு இவ்வளவு பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதால், அந்த உராய்வைச் சிறிதளவு மாற்றும் எதுவும், அது துளி எண்ணெயானாலும் துரு மெழுகலானாலும், கழற்றுவதற்கு வேண்டிய விசையைப் பெரிதும் மாற்றிவிடும். கழற்ற முற்படுபவர் மரையிலுள்ள இறுக்கத்தை மட்டுமே நினைக்கிறார். தலைக்கு அடியிலுள்ள முகத்தில் பாதி எதிர்ப்பு ஒளிந்திருப்பதை மறந்துவிடுகிறார். எண்ணெயை மரையின் நுனியில் மட்டும் விட்டுவிட்டு, தலையும் வாஷரும் சேரும் இடத்தில் விடாமற்போவது இந்த மறதியின் விளைவே.

இந்த வட்டாரத்து வயல்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டர்களுக்குள் ஒரே மரை முறை இல்லை என்பது அடுத்த சிக்கல். 1960-ல் தொடங்கப்பட்ட சென்னை டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குஸன் நிறுவனத்தின் கூட்டுறவோடு உருவாக்கிய 1035 போன்ற வண்டிகளும், 1963-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டுறவோடு மஹிந்திரா தரப்பில் உருவான பி-275 வண்டிகளும் பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து வந்தவை என்பதால் பெரும்பாலும் அங்குல மரைகளைக் கொண்டவை. 1971-ல் ஹரியானாவின் பிஞ்சோரில் எச்.எம்.டி. தயாரிக்கத் தொடங்கிய செக்கோஸ்லோவாக்கிய வழி ஜெட்டர் வண்டிகளோ மெட்ரிக் மரைகளைக் கொண்டவை. அங்குல மரைக்குள்ளும் இரு குடும்பங்கள் உண்டு. பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரையின் பல் கோணம் 55 பாகை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948-ல் ஏற்றுக்கொண்ட ஒருங்கிணைந்த மரையின் பல் கோணம் 60 பாகை. 3/8 அங்குல அளவில் இவ்விரு முறைகளின் கரடு மரைகளுக்கும் அங்குலத்துக்கு 16 பற்களே என்பதால், ஒன்றின் நட் மற்றொன்றின் போல்ட்டில் கைவிசையோடு ஏறிவிடும். கோணம் பொருந்தாத அந்தப் பற்கள் ஒன்றையொன்று நசுக்கியபடியே இறுகும்.

இதைவிட அதிகம் காணப்படும் தவறு, 5/16 அங்குலத் துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைச் செருகுவது. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், விட்டத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி ஒன்றில் 1.41 மில்லிமீட்டர், மற்றதில் 1.25 மில்லிமீட்டர். எனவே இரண்டு மூன்று சுற்று எளிதாகச் சென்று, பின் இறுகத் தொடங்கும்; ‘நன்றாகப் பிடித்துவிட்டது’ என்று எண்ணி மேலும் முறுக்கப்படும். பல ஆண்டுகளுக்குப் பின் அதைக் கழற்ற வருபவர் துருவென்று கருதி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார். அங்கே எண்ணெய் செய்யக்கூடியது மிகக் குறைவு. சிதைந்த பற்களைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்து வெளியே கொண்டுவந்து, துளைக்குள் உரிய டேப்பை ஓட்டிச் சீர்செய்வதே வழி. டேப் என்பது துளையின் உட்சுவரில் மரை வெட்டும் எஃகுக் கருவி.

ஸ்பேனர்களின் நிலையும் இதுவே. 3/4 அங்குல ஸ்பேனரும் 19 மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும், ஏனெனில் 3/4 அங்குலம் 19.05 மில்லிமீட்டர். 1/2 அங்குலம் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் தளர்வாக உட்காரும். 9/16 அங்குலம் 14.29 மில்லிமீட்டர், அதில் 14 ஏறாது, 15 போட்டால் கால் சுற்றுக்குள் ஆறு முனைகளும் மழுங்கிவிடும். மழுங்கிய தலையில் ஸ்பேனருக்குப் பிடி கிடையாது, பிடி இல்லாதபோது அடுத்த கட்டக் கருவிகள் யாவும் கடினமானவை. ஆகையால் அங்குல ஸ்பேனர்களும் மில்லிமீட்டர் ஸ்பேனர்களும் தனித்தனித் தொகுப்பாக இல்லாத பட்டறை, பழைய டிராக்டரைத் தொடாமலிருப்பதே அந்த வண்டிக்கு நல்லது. இறுகிய மரைக்கு வாய் திறந்த ஸ்பேனரை முதலில் எடுக்கக்கூடாது. அது நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றுகிறது. ரிங் ஸ்பேனர் நன்று. ஆறு பக்கத்தையும் முழுமையாகத் தழுவும் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் அதனினும் நன்று.

துரு எங்கே, எவ்வாறு சேர்கிறது என்பது இந்த வட்டாரத்தின் நிலத்தோடும் நீரோடும் பிணைந்த செய்தி. இரும்பு நீரோடும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடும் சேர்ந்து உருவாகும் துரு, தான் உருவாக அழிந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைப் பற்களுக்கிடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் பங்குதான் என்பதால், மிக மெல்லிய துருப் படலமே அந்த இடைவெளியை நிரப்பி இருபுறமும் அழுத்தத் தொடங்கிவிடும். நெல் வயலில் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றுழவு செய்யும் டிராக்டரின் பின் அச்சும், சக்கர வட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளும், மும்முனைக் கொக்கியின் ஊசிகளும் பல மணி நேரம் சேற்றில் முழுகியே இருக்கின்றன. வேலை முடிந்தபின் சேறு அப்படியே காய்ந்து, ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துக்கொண்டு மரைமேல் பற்றிக்கொள்கிறது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் பகுதியில் உப்பளங்களும் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும் கடற்காற்றும் சேர்ந்து துருவை விரைவாக்குகின்றன. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேற்பரப்பிலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்து, அங்கிருக்கும் ஈரத்தை மின்சாரம் எளிதில் கடத்தும் கரைசலாக்குகிறது; துருப்பிடித்தல் மின்வேதி நிகழ்வு என்பதால் அதன் வேகம் இதனால் கூடுகிறது. உப்பு மூட்டை ஏற்றிய டிரெய்லரின் இழுகொக்கியிலும் மட்கார்டு போல்ட்டிலும் இதைக் கண்கூடாகக் காணலாம். மேற்கே செஞ்சிப் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் மணிலாப் பயிருக்கு மட்டும் உழுத வண்டியைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது.

இவற்றோடு புயலும் வெள்ளமும் சேர்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரியருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் இம்மாவட்டத்தை வெகுவாகப் பாதித்தவை. ஃபெஞ்சலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைகடந்து ஓடியது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு எண்ணெய் மாற்றி எஞ்சினை ஓடவைத்துவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் பெல் ஹவுசிங் எனப்படும் கிளட்ச் உறைக்குள்ளும் பிரேக் டிரம்முக்குள்ளும் தங்கிய வண்டல் நீர், அங்குள்ள மரைகளைச் சில மாதங்களில் அடுத்த பழுதுவரை அசையாதபடி பிணைத்துவிடும். வெள்ளம் வடிந்த முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் பூட்டிவிடுவது, பின்னால் வரக்கூடிய பெருஞ்செலவைத் தவிர்க்கும் சிறு உழைப்பு.

எல்லா இறுக்கமும் துருவால் வருவதில்லை. சைலன்சரை எஞ்சினோடு சேர்க்கும் மேனிஃபோல்ட் ஸ்டட்டுகள், அதாவது இருபுறமும் மரை வெட்டப்பட்ட தலையில்லாத் தண்டுகள், நூற்றுக்கணக்கான பாகை சூட்டில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்து குளிர்ந்து, மேற்பரப்பில் கெட்டியான ஆக்சைடு அடுக்கைப் பெற்று மெலிந்துபோகின்றன. அலுமினிய உறைக்குள் செருகிய எஃகுப் போல்ட், இரு வேறு உலோகங்கள் ஈரத்தின் வழியே தொடர்புறுவதால் உண்டாகும் மின்வேதி அரிப்பால், அலுமினிய ஆக்சைடின் வெண்பொடி சூழ இறுகுகிறது. சுமையேறி வளைந்துபோன போல்ட், கலப்பைக் கொழுக்களைப் பிடிக்கும் போல்ட்டுகளில் அடிக்கடி நேர்வதுபோல, மரை நன்றாக இருந்தும் துளையை விட்டு வர மறுக்கும். சில இடங்களில் திருகும் திசையே தவறாக இருக்கும்: மும்முனைக் கொக்கியின் மேல் இணைப்புத் தண்டில் ஒரு முனைக்கு வல மரையும் மறுமுனைக்கு இட மரையும் வெட்டப்பட்டிருக்கும், நடுக்குழாயைத் திருப்பினால் இரு முனையும் ஒருசேர நீளவோ குறுகவோ செய்வதற்காக. அந்த இட மரைப் பக்கத்தில் வழக்கமான திசையில் கழற்ற முயல்பவர் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறார். எனவே கருவியை எடுப்பதற்கு முன் கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து வெளிப்படுத்தி, பற்கள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்று பார்ப்பது வேலையின் முதற்படி.

அந்தப் படிக்குப் பின் எண்ணெய்க்குரிய காலம் வருகிறது. மெல்லிய எண்ணெய், நுண்ணிய இடுக்குகளில் தானாக ஊர்ந்தேறும் நுண்புழை ஈர்ப்பால் மரைக்குள் செல்கிறது. தடித்த எஞ்சின் எண்ணெய் இதற்கு ஏற்றதன்று. டீசலும் மண்ணெண்ணெயும் இந்த வட்டாரத்தில் காலங்காலமாகப் பயன்பட்டுவருபவை. டப்பாவில் வரும் தெளிப்பான்களுள் பெயர்பெற்ற டபிள்யூ.டி.-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விலக்கித் துருவைத் தடுக்கும் பொருளாகவே முதலில் உருவானது. இறுகிய மரைக்கும் அது உதவும் என்றாலும், அதற்கெனவே செய்யப்பட்ட ஊடுருவெண்ணெய்கள் அதைவிட நன்றாக வேலை செய்யும். எதைப் பயன்படுத்தினாலும் காலமே முதன்மையானது. மாலையில் ஊற்றி, இரவில் மீண்டும் ஒருமுறை ஊற்றி, காலையில் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்டி மறுபடியும் ஊற்றினால், தட்டும் அதிர்வு துருவில் நுண்விரிசல்களை உண்டாக்கி எண்ணெய்க்குப் பாதை திறக்கும். ஊற்றிய ஐந்தாம் நிமிடத்தில் ஸ்பேனரைப் பூட்டிவிட்டு ‘எண்ணெய் பயன்படவில்லை’ என்று முடிவு கட்டுவது முறையன்று. ஊறவைக்கும் இரவுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்பதும், வண்டியை இன்றே கொடு என்று உரிமையாளர் நெருக்குவதும் பட்டறைக்காரரை அவசரத்துக்குத் தள்ளுகின்றன. உடைந்த போல்ட்டுகளுக்கான பொறுப்பில் அந்த நெருக்கடிக்கும் பங்குண்டு என்பதை உரிமையாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்க்கு அடுத்தது அதிர்ச்சி. போல்ட் தலையின் உச்சியில், தண்டின் நீளவாட்டத்தில், எடையுள்ள சுத்தியலால் சில உறுதியான அடிகள் கொடுத்தால் தலைக்கு அடியிலுள்ள துருப்பிணைப்பு நொறுங்கும். நட்டாக இருந்தால், ஒரு பக்கத்தில் கனமான சம்மட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் சுத்தியலால் அடிப்பது பழம்பெரும் முறை. அடியின் விசை தண்டை வளைக்காமல் நட்டுக்குள்ளேயே பாய்கிறது. மரையின் நுனியில் நேராக அடிப்பது மட்டும் கூடாது, அது முதற்பல்லை விரித்து நட்டு வெளிவரும் வழியை அடைத்துவிடும். அடிக்க வேண்டியிருந்தால் பழைய நட் ஒன்றை நுனியோடு நுனியாகத் திருகி அதன்மீது அடிக்க வேண்டும். இவ்வாறு தளர்த்திய பின், கழற்றும் திசைக்கு முன்பாக இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அசைத்துப் பார்ப்பது நல்லது. அந்தச் சிறு அசைவு கிடைத்துவிட்டால் மரை வெல்லப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். அதன்பின் அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் கழற்றி என்று துருப்பொடியை வெளியேற்றிக்கொண்டே வரவேண்டும். அசைந்த மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் கழற்ற முனைந்தால், சேர்ந்த துருப்பொடி பற்களுக்கிடையே திரண்டு, பாதி வழியில் முன்னிலும் கடுமையாக இறுகும்.

ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 20 கிலோ விசை கொடுத்தால் 6 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு கிடைக்கிறது. அதே விசையை ஒரு மீட்டர் குழாயின் முனையில் கொடுத்தால் 20. அரை அங்குல நடுத்தர வலிமைப் போல்ட் ஒன்று இறுக்கப்படுவதே ஏறத்தாழ 10 கிலோகிராம்-மீட்டர் அளவில்தான் என்பதை நினைத்தால், குழாயில் சாய்பவர் அந்தப் போல்ட்டின் தாங்கும் எல்லையை எவ்வளவு எளிதில் கடந்துவிடுகிறார் என்பது புரியும். போல்ட் முறுகும்போது கைக்கு ஓர் இழைவு தெரியும். கழல்வதுபோலவே தோன்றும், ஆனால் விசை கூடாமல் சுழற்சி மட்டும் கூடும். அனுபவமுள்ள மெக்கானிக் அந்தக் கணத்தில் நிறுத்திவிடுவார். நிறுத்தத் தெரிந்த இந்தக் கையுணர்வே தேர்ந்த மெக்கானிக்கின் உண்மையான முதல். எந்தப் பாடநூலும் அதை முழுமையாக எழுத்தில் தந்துவிட முடியாது.

எண்ணெய்க்கும் அடிக்கும் இணங்காத மரைக்கு வெப்பம். எஃகின் ஒவ்வொரு மீட்டரும் ஒரு பாகைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு விரிகிறது. 12 மில்லிமீட்டர் நட்டை, உள்ளேயுள்ள போல்ட் சூடேறுமுன், விரைவாக 300 பாகை உயர்த்தினால் அதன் துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் விரியும். கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், மரையின் இடைவெளியே அந்த அளவுதான் என்பதால் துருவின் பிடி அறுந்துபோக இது போதும். ஆகவே கேஸ் வெல்டிங் சுடரைச் சிறிதாக்கி நட்டின் பக்கங்களில் மட்டும் சுற்றிவரச் செய்ய வேண்டும், நடுவிலுள்ள போல்ட் நுனியில் காட்டக்கூடாது. நட் சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை அதன் விளிம்பில் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொள்ளப்படும். மலிவான இந்த உத்தியின் பயன் வியப்பூட்டுவது. நட் இல்லாமல் வார்ப்பிரும்புத் துளைக்குள் திருகப்பட்ட போல்ட்டுக்கு வழி தலைகீழானது: போல்ட்டின் தலையையே சூடேற்ற வேண்டும். அது விரிந்து துளையின் துருவை நசுக்கும். பின் ஆறிச் சுருங்கும்போது சிறு இடைவெளி பிறக்கும், அப்போது எண்ணெய் விட்டுக் கழற்றலாம். காத்திருக்கப் பொறுமையின்றித் தண்ணீரை ஊற்றிக் குளிர்விப்பது இருவகையில் கேடு. வார்ப்பிரும்பு திடீர்க் குளிரில் வெடிக்கும். செஞ்சூட்டிலிருந்த நடுத்தரக் கரிம எஃகு தண்ணீர் பட்டதும் கண்ணாடிபோல் கடினமாகி, பின்னர் டிரில் முனையே இறங்காத நிலைக்குப் போய்விடும். செஞ்சூடு கண்ட வலிமைப் போல்ட் தன் பதத்தை இழந்துவிட்டது, ஆகவே அதை மீண்டும் வண்டியில் பூட்டக்கூடாது.

வெப்பத்தைப் பயன்படுத்தவே கூடாத இடம் ஒன்று உண்டு; உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகக் கூறுவது கடமை. 12.4-28 அளவுள்ள பின்சக்கர டயர் பூட்டிய நிலையில், அதன் இரும்பு வட்டையைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுடரால் காய்ச்சுவது இந்தப் பகுதியில் மட்டுமின்றி உலகெங்கும் பட்டறைகளில் நடக்கும் வழக்கம். அதனால் உயிர் போனவர்களும் உலகெங்கும் உண்டு. வட்டை சூடேறும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகிறது; மூடிய டயருக்குள் காற்றோடு அவை கலந்து தாமே பற்றிக்கொண்டால் ஏற்படும் வெடிப்பின் அழுத்தம், காற்று நிரப்பிய அழுத்தத்தைவிடப் பல மடங்கு. சுடரை அணைத்து நெடுநேரம் கழித்தும் இது நிகழக்கூடும். வால்வை எடுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பிழையானது, ஏனெனில் வாயு உருவாவது காற்றின் அழுத்தத்தால் அன்று, சூட்டால். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் வாகனச் சக்கர வட்டைகளுக்குச் சுடர் காட்டுவதை வெளிப்படையாகத் தடைசெய்துள்ளன. டயரை வட்டையிலிருந்து முற்றிலும் பிரித்தெடுத்த பின்னரே அங்கே வெப்பம். அல்லது வெப்பமே வேண்டாமென்று ஆக்ஸா பிளேடாலோ உளியாலோ நட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய போல்ட் போட்டுக்கொள்ளலாம். ஒரு போல்ட்டின் விலை எவ்வளவு என்று பார்த்தால் இதில் தயங்குவதற்கு எதுவுமில்லை. டீசல் தொட்டி, ஹைட்ராலிக் குழாய், கரைப்பான் தெளித்த பரப்பு ஆகியவற்றின் அருகிலும், துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டிலும் சுடர் கூடாது. எரியும் துத்தநாகத்தின் புகை காய்ச்சலை வருவிக்கும்.

உடைந்தே போனால் என்ன செய்வது? உடைந்த தண்டு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருந்தால், அதைவிடச் சற்றுப் பெரிய நட்டை அதன்மேல் வைத்து உட்புறமாக வெல்டிங் செய்து, ஆறியபின் அந்த நட்டை ஸ்பேனரால் திருப்புவது மிகச் சிறந்த வழி. புதிய தலை கிடைப்பதோடு, வெல்டிங்கின் சூடே தண்டை விரியச்செய்து துருவை உடைத்துவிடுகிறது. ஒன்றிரண்டு முறை நட் பிய்ந்து வந்தாலும் சலிக்காமல் மறுபடி வெல்டிங் செய்யலாம். ஒவ்வொரு முறையும் தண்டு இன்னொரு சூட்டுச் சுற்றைப் பெறுகிறது. தண்டு பரப்புக்குச் சமமாகவோ உள்ளேயோ உடைந்திருந்தால், மையத்தைச் சரியாகக் குறித்து, சிறிய டிரில் முனையில் தொடங்கிப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்க வேண்டும். இட மரை டிரில் முனை கிடைத்தால் துளையிடும்போதே தண்டு பிடிபட்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. துளைக்குள் செருகித் திருப்பும் ஈஸி-அவுட் என்னும் கூம்புத் திருகைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். அது மிகக் கடினமான, எளிதில் முறியும் எஃகு. முழுத் தலையோடு இருந்தபோது ஸ்பேனருக்கு அசையாத போல்ட், அதைவிட மெலிந்த இந்தக் கருவிக்கு அசையும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அது உள்ளே முறிந்தால் டிரில்லும் இறங்காது; மின்பொறியால் அரிக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு முழு உறுப்பையும் கொண்டுபோக நேரும். துரு இல்லாமல் அடி பட்டு முறிந்த போல்ட்டுக்கே அது ஏற்றது. துளையின் மரை முற்றும் அழிந்துவிட்டாலும் வார்ப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி மரை வெட்டி, ஹெலிகாயில் எனப்படும் சுருள்கம்பி உள்மரையைச் செருகினால் பழைய அளவுப் போல்ட்டையே மீண்டும் பயன்படுத்தலாம்.

பிரித்தெடுத்த சிறு உறுப்புகளில் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவற்றுக்கு மின்னாற்பகுப்பு முறை உண்டு: பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரில் உறுப்பைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனோடும் நேர்முனையைப் பயனற்ற இரும்புத் துண்டோடும் இணைத்தால், ஓரிரவில் துரு தளர்ந்துவிடும். நேர்முனையில் துருவுறா எஃகை வைக்கக்கூடாது, நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உருவாகும். வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும்.

கழற்றும் வரிசைக்கும் விதி உண்டு. சிலிண்டர் ஹெட் நட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும், ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளையும். திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளியே வரவேண்டும். இரண்டாகப் பிரிக்கும் வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல், இரு பாதிகளுக்கும் அடியில் கெட்டியான மரக்கட்டையோ இரும்புத் தாங்கியோ கொடுக்க வேண்டும். செங்கல் அடுக்கு எந்த நேரத்திலும் நொறுங்கக்கூடியது. இறுகிய போல்ட் திடீரென விடுபடும் நொடியில் வண்டி குலுங்கும் என்பதை எண்ணியே தாங்குகள் அமைய வேண்டும்.

இவ்வளவும் நிதானத்தைக் கேட்கும் வேலைகள் என்பதால், எப்போது செய்வது என்னும் கேள்வி எப்படிச் செய்வது என்பதற்கு இணையானது. ஏரிப் பாசனத்தில் சம்பா மட்டும் பயிரிடும் ஊர்களில் அறுவடை முடிந்த மாசியிலிருந்து ஆனி வரை வண்டிக்கு ஓய்வு அதிகம். சொர்ணவாரியும் நவரையும் சேர்த்துப் பயிரிடும் கிணற்றுப் பாசன ஊர்களில் அந்த இடைவெளி குறுகியது. எந்த ஊரானாலும், பழுது வந்தபின் கழற்றுவதைவிட, ஓய்வுக் காலத்தில் சக்கர நட்டுகள், வட்டை போல்ட்டுகள், கொக்கி ஊசிகள், மேனிஃபோல்ட் ஸ்டட்டுகள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திப் பூட்டிவைப்பது அறிவுடைய முறை. பூட்டும்போது மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சேறு படும் இடங்களில் கிரீஸும், சைலன்சர் பக்கத்தில் செம்புப் பொடியோ கிராஃபைட்டோ கலந்த சூடு தாங்கும் பசையும் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் அங்கே கருகி மேலும் இறுகும். மேனிஃபோல்ட்டில் எஃகு நட்டுக்குப் பதிலாகப் பித்தளை நட் போடுவது நல்ல பழக்கம், அது ஸ்டட்டோடு துருவால் பிணைவதில்லை. எண்ணெய்ப்பூச்சுள்ள மரையில் உராய்வு குறைவதால், உலர் மரைக்குக் குறிப்பிட்ட அதே முறுக்கைக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். முறுக்கைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சக்கர நட்டுகளுக்குக் கிரீஸ் தடவும் விதி அப்படியே பொருந்தாது: அவற்றின் சாய்ந்த முகத்தில் கிரீஸ் படாமல், மரையில் மட்டும் மெல்லிய பூச்சு இருக்க வேண்டும், உழவில் இறங்கிய முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு வண்டியை வரப்போரம் நிறுத்தி அவை ஒவ்வொன்றையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.